பக்தவத்சலம் ஒட்டிய பிளாஸ்டர்

கட்டைவிரல் நகத்தால் பிளாஸ்டரின் ஓரத்தை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருக்கிறார் பக்தவத்சலம். உடம்பில் முக்கால் பங்கு மேசைக்கு அடியில் இருக்கிறது. வெளியே தெரிபவை இரண்டு கால்களும், பெருவிரல் எட்டிப் பார்க்கும் ஒரு சாக்ஸும்தான். "யாரும் கிட்ட வராதீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. யாரும் கிட்டே போகவில்லை. போகும் உத்தேசமும் எங்களில் எவருக்கும் இல்லை. ஆனாலும் அவர் நம்பமாட்டார். சற்றைக்கு ஒருதரம் அந்தப் பெருவிரல் இப்படியும் அப்படியும் அசைந்து, பக்கத்தில் ஆள் நிற்கிறதா என்று துழாவிப் பார்க்கும்.

ஹைதராபாத்தில் ஏ.எஸ்.ராவ் நகர், சைனிக்புரி, மல்லாபூர் வட்டாரத்துச் சின்னச் சின்ன ஆபீஸ்களில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து, அவை சண்டை போடாமல் பேசிக்கொள்ளும்படி பார்த்துக்கொள்வது அவருடைய தொழில். ஊருக்கு அந்தக் கோடியில் எழும்பிக்கொண்டிருக்கும் கண்ணாடிக் கட்டடங்களில் இதே வேலையைச் செய்கிறவர்கள் கழுத்தில் அட்டையோடு ஏசியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவருக்கு வாய்த்தது ஒரு ரெக்ஸின் பையும் எங்களைப்போன்றவர்களின் மேசையடித் தூசியும். பையில் ஒயர் நறுக்கும் கருவி, டெஸ்டர், ஸ்க்ரூடிரைவர் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, மருந்துக்கடையில் வாங்கிய வெள்ளை பிளாஸ்டர் ரோல் ஒன்று இருக்கும்.

அந்த பிளாஸ்டர்தான் பக்தவத்சலம். ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து மூடினால், மூடியில் பாதி உடம்பில் பாதியாக ஒரு துண்டு ஒட்டுவார். ஒயரைச் செருகினால் ஒயரில் பாதி, செருகின இடத்தில் பாதி. ஒட்டியதன் குறுக்கே பச்சை மையில் ஒரு கையெழுத்து. அதை யாராவது பிரித்தால் கையெழுத்து இரண்டாகக் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் ஆபீஸுக்குப் புதிதாக வருகிறவர்கள், "ஏன் எல்லா கம்ப்யூட்டருக்கும் அடிபட்டிருக்கிறது?" என்று கேட்பார்கள்.

இது அவருக்குப் பரம்பரைச் சொத்து. அப்பா மௌலாலி கூட்ஸ் யார்டில் வேகன்களின் சீலைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். அரக்கோணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்த பக்தவத்சலத்தின் பேச்சில் அரக்கோணமும் ஹைதராபாத்தும் ஒரே தட்டில் சாப்பிடும். "சீலு உடையலன்னா உள்ள கீற சரக்கு அப்டியே கீதுன்னு அர்த்தம். உடைஞ்சிருந்தா, உடைச்சவன் எவன்? அது ஒண்ணுதான் கேள்வி. வேற கேள்வியே நக்கோ" என்பார். நக்கோ என்றால் ஹைதராபாத் பேச்சில் வேண்டாம்.

பச்சை மைப் பேனாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது அவர் சட்டைப் பையில் இருக்கும். அதன் கழுத்தில் கட்டிய ஒரு கறுப்பு நூலின் மறுமுனை, சட்டையின் மூன்றாவது பட்டனில் முடிச்சுப் போட்டிருக்கும். ஒவ்வொரு சட்டையிலும் ஒரு நூலை நிரந்தரமாகவே கட்டி வைத்திருக்கிறார் போலிருக்கிறது. நூல் இல்லாமல் நான் பார்த்ததில்லை. கூரியர்காரர் கையெழுத்து வாங்க வந்து, "அண்ணா, கொஞ்சம் பென்னு?" என்று கேட்டால், சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு, "ரீஃபில் தீந்துபோச்சு" என்பார். அப்புறம் அதே பேனாவால் அந்தக் கூரியர்காரர் கண்ணெதிரிலேயே பிளாஸ்டரில் கையெழுத்துப் போடுவார்.

எது பழுதானாலும் முதலில் அவர் வாயில் வருவது, "யாரோ கை வெச்சிக்கிறாங்க." மழையில் நனைந்து கெட்டதா, பழசாகிக் கெட்டதா, தானாகவே கெட்டதா என்ற விசாரணையெல்லாம் அப்புறம். சைனிக்புரியில் ஒரு ஓய்வுபெற்ற கர்னல் வீட்டில் ஒயர் அறுந்துபோனபோது, கர்னலின் மாப்பிள்ளைமேல் சந்தேகப்பட்டு அந்த மனிதரை நேருக்கு நேராகவே விசாரித்திருக்கிறார். கடைசியில் பொய்க்கூரைக்குள்ளிருந்து ஒயரைக் கடித்த எலி செத்து விழுந்தது. பக்தவத்சலம் அசரவில்லை. "சரி, எலி கடிச்சுது. எலிய உள்ள வுட்டது யாரு?" என்றாராம்.

எங்கள் ஆபீஸ் டீயைக் குடிக்கமாட்டார். அதே ஃபிளாஸ்கிலிருந்து இன்னொருவர் ஊற்றிக் குடித்து உயிரோடு இருப்பதைப் பார்த்த பிறகு அரை கப் எடுத்துக்கொள்வார். எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்றால், "கைக்கு?" என்று, எதற்குக் கேட்கிறாய் என்பதுபோல, ஒரு பார்வை பார்ப்பார். கடவுச்சொல் அடிக்கும்போது இடது கையைக் கூடாரம்போல் வளைத்து வலது கையை மறைத்துக்கொள்வார். நான் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் ஷாப்பிங் பட்டியல் எழுதினாலும் எட்டிப் பார்ப்பார். "சுமதி மேடம், நம்மள பத்தி ஏதாச்சும் எழுதறீங்களா?" என்பார். இல்லை என்றால் நம்பமாட்டார். இந்த ஒரு விஷயத்தில் அவருடைய சந்தேகம் சரியாகிவிட்டது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாங்கள் சிரிப்போம். ஆனால் அக்கம்பக்கத்து ஆபீஸ்கள் எல்லாம் வைரஸ் வந்து படுத்த நாட்களில் எங்களுடையது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் சிரிப்பை அவர் இல்லாதபோது வைத்துக்கொள்வோம்.

எங்கள் ஆபீஸ் என்பது நாராயணஸ்வாமியின் வீட்டுக் கீழ்த்தளம். எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர், மாடியில் குடியிருந்துகொண்டு கீழே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனி தொடங்கினார். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். நான் அதில் பிழை திருத்துகிறவள். எல்லோரும் தட்டி முடித்ததை ஒரு பொதுவான பெரிய கம்ப்யூட்டரில் போடுவார்கள். அங்கிருந்து மொத்தமாக அமெரிக்காவுக்குப் போகும்.

அந்தப் பெரிய கம்ப்யூட்டருக்குப் பெயர் கோதாவரி. பெயர் வைத்தவர் பக்தவத்சலம்தான். ரயில்வே பிள்ளை வேறு என்ன பெயர் வைப்பார்? சார்மினார், கோல்கொண்டா, நாராயணாத்ரி என்று எங்கள் ஆபீஸ் முழுக்க எக்ஸ்பிரஸ்கள். பெயரெல்லாம் நமக்காக, கம்ப்யூட்டர்களுக்குள் எண்தான் கணக்கு. இன்ன பெயருக்கு இன்ன எண் என்று சொல்வதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் உண்டு. நேம் சர்வர் என்று அதற்குப் பெயர். பக்தவத்சலம் அதை என்கொயரி என்பார். "ஸ்டேஷன்ல என்கொயரி இல்லியா மேடம்? கோதாவரி எந்த பிளாட்ஃபாரம்னு கேட்டா சொல்றான்ல? அதேதான். டிரெய்ன பிளாட்ஃபாரம் மாத்துனா என்கொயரிகிட்ட சொன்னா போதும். ஊருக்கெல்லாம் போயி சொல்ல வேணாம்."

சென்ற மாதம் அதைத்தான் செய்தார். பழைய கோதாவரி மூச்சிரைக்க ஆரம்பித்திருந்தது. புதுப் பெட்டி ஒன்று வந்தது. கோதாவரி என்ற பெயரைப் புதிதுக்குச் சூட்டி, அதன் எண்ணை என்கொயரியிடம் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர்கள் எல்லாம் என்கொயரியைக் கேட்டுக்கொண்டு புதிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பழையதை நிறுத்திவிடலாமே என்றார் நாராயணஸ்வாமி. பக்தவத்சலம் தலையாட்டி மறுத்தார். "புதுசு சார். இன்னும் நம்பிக்க வரல. பழசும் ஓடட்டும், ஒரு மூலைல." அது மாடிப்படிக்கு அடியில், விளக்குமாற்றுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஆக்னஸின் கோப்புகள் காணாமல்போகத் தொடங்கின.

ஆக்னஸ் பாளையங்கோட்டைப் பெண். இங்கே லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறாள். மூக்கால் பேசும் டாக்டர், மென்றுகொண்டே பேசும் டாக்டர், காரோட்டிக்கொண்டே பேசும் டாக்டர் எல்லோரையும் அவளிடம்தான் தள்ளுவோம். அவள் தட்டியதில் எனக்குத் திருத்த வேலையே இருக்காது. அவளுடைய கோப்புகள் வரவில்லை என்று அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. அனுப்பிவிட்டேன் என்றாள் ஆக்னஸ். நாராயணஸ்வாமி தன் கம்ப்யூட்டரில் கோதாவரியைத் திறந்து பார்த்தார். இல்லை. ஆக்னஸ் தன் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினாள். இருந்தது. ஒரே பெயர், ஒரே ஃபோல்டர். அவள் திரையில் இருக்கிறது, அவர் திரையில் இல்லை. மறுபடி அனுப்பச் சொன்னார். அனுப்பினாள். அதுவும் அவள் திரையில் மட்டும் இருந்தது.

பக்தவத்சலத்தைக் கூப்பிட்டார்கள். வந்ததும் வராததுமாக, "யாரோ கை வெச்சிக்கிறாங்க" என்றார். எல்லா பிளாஸ்டரையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்றும் கிழியவில்லை. பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்து, கோதாவரியின் எண் என்ன என்று என்கொயரியைக் கேட்டார். அப்படிக் கேட்பதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் புதிய எண்ணே பதிலாக வந்தது. ஆக்னஸின் கம்ப்யூட்டரிலிருந்து கேட்டபோதும் அதே பதில். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்கொயரி சரியா கீது. சீலும் உடையல. அப்போ பொட்டிமேல தப்பில்ல சார், ஆளுமேலதான்" என்றார். ஆக்னஸ் தன் கம்ப்யூட்டருக்குள்ளேயே கோதாவரி என்று ஒரு போலி ஃபோல்டர் செய்து வைத்துக்கொண்டு நமக்குக் காட்டுகிறாள், நிஜக் கோப்பு வேறெங்கோ போகிறது என்பது அவருடைய கட்சி. எங்கே போகிறது என்பதற்கும் விடை வைத்திருந்தார். சைனிக்புரியில் இதே தொழில் செய்யும் இன்னொரு கம்பெனி இருக்கிறது. அங்கே வேலை செய்கிற பெண்ணோடு ஆக்னஸ் பஸ் ஸ்டாப்பில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். "என் ரூம்மேட் சார் அவ!" என்றாள் ஆக்னஸ். "பாத்தீங்களா, ஒரே ரூம்பு வேற" என்றார் பக்தவத்சலம்.

எனக்கு அந்த மனுஷர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. எலிமேல் போட வேண்டிய பழியை மாப்பிள்ளைமேல் போட்டது வேடிக்கை, இது வேடிக்கையில்லை. ஆனால் கம்ப்யூட்டர் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னது நாராயணஸ்வாமிக்கு வேதவாக்கு. சனிக்கிழமை மதியத்தோடு ஆக்னஸ் நின்றுகொள்ள வேண்டும், அனுபவச் சான்றிதழ் கிடையாது என்று சொல்லிவிட்டார். இந்த வட்டாரத்தில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். நோயாளிகளின் விவரத்தை வெளியே விற்றவள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், கதவு எல்லாம் சாத்திக்கொள்ளும்.

"வேலை போனாப் போவட்டும் மேடம்" என்றாள் ஆக்னஸ் என்னிடம். அழவில்லை; முகம் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "திருடின்னு சொல்லி அனுப்பினா நான் எந்த ஆபீஸ் வாசல்ல போய் நிக்கதுக்கு?"

சனிக்கிழமை காலை பக்தவத்சலம் மறுபடி வந்தார். போலி ஃபோல்டரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுப்பதாக நாராயணஸ்வாமியிடம் சொல்லியிருந்தார். ஆக்னஸின் நாற்காலியில் உட்கார்ந்து, "நீ போயி டீ சாப்டும்மா" என்றார்.

ஆக்னஸ் நகரவில்லை. "நான் இல்லாத நேரத்துல நீங்க எதையாவது வச்சுட்டு எடுத்தேன்னு சொன்னா? நான் பாக்கத் தேடுங்க."

பக்தவத்சலம் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவரை அப்படி யாரும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, தன் பாஷை தெரிந்த ஆளை வெளியூரில் சந்தித்தவர்போல, "ஹவ், ஆமா. அது நியாயம்" என்று நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

தேடினார். கம்ப்யூட்டரின் சந்து பொந்தெல்லாம் தேடினார். போலி ஃபோல்டர் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் கோதாவரி என்று திறந்தால் திரையில் அவளுடைய கோப்புகள் வரிசையாக நின்றன. தாடையைச் சொறிந்தார். ஆக்னஸின் கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினார். ஃபோல்டர் மறைந்தது. செருகினார். வந்தது.

"அப்போ இது இந்தப் பொட்டிக்குள்ள இல்ல. வெளியில எங்கியோ கீது" என்று முணுமுணுத்தார். அவர் கண் பளபளத்தது. வெளியே என்றால் சைனிக்புரி என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வெளியுலகத்துக்குப் போகிற கேபிளைப் போய்ப் பிடுங்கினார். ஆக்னஸின் ஃபோல்டர் அப்படியே நின்றது. வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. புதிய கோதாவரியின் ஒயரைப் பிடுங்கினார். ஹாலில் இருந்த அத்தனை பேரும் தெலுங்கில் கூச்சல் போட்டார்கள். அவர்களுடைய ஃபோல்டர் எல்லாம் போய்விட்டது. ஆக்னஸுடையது மட்டும் கல்லுப்பிள்ளையார்போல உட்கார்ந்திருந்தது.

பக்தவத்சலம் ஒயரைத் திரும்பச் செருகிவிட்டு, ஹாலின் நடுவில் நின்றார். நின்றவர், "ஃபோல்டரத் தொற" என்றார். ஆக்னஸ் திறந்தாள். "மூடு. தொற. மூடு. தொற. நிறுத்தாத." சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடந்து மாடிப்படிக்கு அடியில் போய்க் குனிந்தார். நானும் பின்னாலேயே போனேன். அவர் இருக்கும் இடத்தில் நானும் இருக்க வேண்டும் என்று எனக்கு அன்று தோன்றியது. அவருடைய வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது. விளக்குமாற்றுக்குப் பக்கத்தில் பழைய கோதாவரி ஓடிக்கொண்டிருந்தது. ஆக்னஸ் திறக்கும்போதெல்லாம் அதன் முகப்பில் ஒரு சின்ன விளக்கு படபடவென்று துடித்தது. மூடினால் அடங்கியது.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெதுவாக எழுந்து ஆக்னஸின் மேசைக்கு வந்தார். மேசைக்கு அடியில் தலையை விட்டுப் பெட்டியின் பின்புறத்து பிளாஸ்டரை நகத்தால் தடவிப் பார்த்தார். கிழியவில்லை. பச்சைக் கையெழுத்து முழுசாக இருந்தது. வெளியே வந்து உட்கார்ந்து, இடது கைக் கூடாரத்துக்குள் கடவுச்சொல்லை அடித்தார். அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த கடவுச்சொல். ஒரு கோப்பு திறந்தது. அதில் கையால் எழுதிச் சேர்த்தது ஒரே ஒரு வரிதான். கோதாவரி என்ற பெயரும், பழைய எண்ணும்.

எனக்குப் புரியும்படி அவர் பிறகு சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சொக்காப் பாக்கெட் மாதிரி ஒரு கோப்பு இருக்கிறது. அதில் பெயரையும் எண்ணையும் கையால் எழுதி வைத்துவிட்டால், அது என்கொயரியிடம் போகவே போகாது. பாக்கெட்டில் இருக்கும் சீட்டைப் பார்த்துக்கொண்டு நேரே அந்த பிளாட்ஃபாரத்துக்குப் போய்விடும். போன மழைக்காலத்தில் கரண்ட் வந்து வந்து போனதில் என்கொயரி படுத்துவிட்டது. அவசர வேலை எல்லாம் ஆக்னஸிடம். அவள் கம்ப்யூட்டர் மட்டுமாவது நிற்காமல் ஓடட்டும் என்று பக்தவத்சலம் அந்தச் சீட்டை எழுதி வைத்தார். மழை விட்டது, என்கொயரி பிழைத்துக்கொண்டது. சீட்டை அவர் எடுக்கவில்லை. "என்கொயரிய எப்டி மேடம் முழுசா நம்பறது? இருக்கட்டும்னு வுட்டேன்." அப்புறம் மறந்தும் போனார். அவர் சோதித்துப் பார்த்த கட்டளையோ நேரே என்கொயரியின் ஜன்னலில் போய்க் கேட்கிற கட்டளை. அது பாக்கெட்டைப் பார்க்காது. அதனால்தான் அன்று எல்லாம் சரி என்று வந்தது. ஆக்னஸ் அனுப்பியதெல்லாம் மாடிப்படிக்கு அடியில் பத்திரமாகச் சேர்ந்துகொண்டிருந்தது. பழையதை நிறுத்தியிருந்தாலாவது அவள் வேலை முதல் நாளே நின்றுபோய்க் குட்டு வெளிப்பட்டிருக்கும். நிறுத்தவிடாதவரும் அவரே.

இவ்வளவும் எனக்கு அந்த நேரத்தில் தெரியாது. ஆனால் பச்சைக் கையெழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தவரின் முகத்தைப் பார்த்தேன். அந்த வரியையும் பார்த்தேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று அது எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது. ஆக்னஸுக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. திரையில் இருப்பது ஏதோ எழுத்தும் எண்ணும். ஒரு விரல் அழுத்தினால் வரி மறைந்துவிடும். வைரஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் நாராயணஸ்வாமி நம்பிவிடுவார். ஆக்னஸ்மேல் விழுந்த கறை மட்டும் அவள்மேலேயே தங்கிவிடும். பக்தவத்சலத்தின் விரல் அந்த விசையின்மேல்தான் இருந்தது. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுத்தினால் கத்திவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

உள் அறையிலிருந்து நாராயணஸ்வாமி, "என்ன பக்தவத்சலம், கெடச்சுதா?" என்று குரல் கொடுத்தார்.

பக்தவத்சலம் விரலை எடுத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் என்ன நினைத்துக்கொண்டு நிற்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறரைச் சந்தேகிப்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்குச் சந்தேகப் பார்வை அடையாளம் தெரியாதா?

"கெடச்சுது சார். இங்க வாங்க" என்றார். "எல்லாரையும் வரச் சொல்லுங்க."

எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அந்த வரியைக் காட்டினார். பழைய கோதாவரியைப் பற்றிச் சொன்னார். நாராயணஸ்வாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவருடைய வசனத்தையே அவரிடம் கேட்டார்.

"அப்போ இதுல கை வெச்சது யாரு?"

எந்தக் கேள்விக்கும் ஒரு பெயரைத் தயாராக வைத்திருப்பவர், குனிந்து மேசைக்கு அடியிலிருந்த பிளாஸ்டரைக் காட்டினார். "சீலு உடையல சார்" என்றார். பிறகு, "சீலு என்னுது. கையும் என்னுதுதான். அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல. அது அனுப்புனது அத்தினியும் படிக்கட்டுக்குக் கீழ கீது."

நாராயணஸ்வாமி கூரையைப் பார்த்தார். ஃபேன் வேகம் போதவில்லையே என்றார். வழியனுப்ப நினைத்த ஆளிடம் என்ன பேசுவது என்று எந்தத் தொழிற்சாலையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. "சரிம்மா, திங்கக்கிழமை வழக்கம்போல வந்துடு" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"சார்" என்றாள் ஆக்னஸ். "திருடின்னு சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சு. இல்லன்னு சொல்லுததும் எல்லாருக்கும் கேக்கணும்."

அவர் நின்றார். ஒருமுறை தமிழிலும், ஹாலில் இருந்த மற்றவர்களுக்காக ஒருமுறை தெலுங்கிலும் சொன்னார். தெலுங்கில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். அதைச் சொல்லி முடித்ததும் மாடிக்குப் போய்விட்டார். மற்றவர்களும் தத்தம் இடத்துக்குப் போனார்கள்.

பக்தவத்சலம் அந்த வரியை அழித்தார். அழிக்கும்போது, "பாத்துக்கோம்மா" என்று ஆக்னஸிடம் சொல்லிவிட்டு அழித்தார். மேசைக்கு அடியில் போய்ப் பழைய பிளாஸ்டரை உரித்தார். பெட்டியில் பசை மட்டும் அழுக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கைக்குட்டையால் துடைத்தார். பெட்டியை வெளியே இழுத்து மேசைமேல் வைத்தார். பல்லால் கடித்து ஒரு புதிய துண்டை அறுத்து ஒட்டினார். நகத்தால் ஓரங்களைத் தேய்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, பிளாஸ்டருக்கு மேலே கொண்டுபோனவர் அங்கேயே நிறுத்திவிட்டார்.

பேனாவை ஆக்னஸின் பக்கம் நீட்டினார். "இனிமே இந்தப் பொட்டிக்கு நீ போடு. உன்ன கேக்காம எவனும் பிரிக்கக் கூடாது. நானும்தான்."

நூல் குட்டை. பேனா அவர் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் இழுபட்டு நின்றது. சட்டையின் மூன்றாவது பட்டன் அதோடு முன்னால் வந்து நின்றது. ஆக்னஸ் கையைக் கட்டிக்கொண்டு பேனாவைப் பார்த்தாள், பட்டனைப் பார்த்தாள்.

"போடுதேன். ஆனா உங்க சட்டையப் பிடிச்சிக்கிட்டே என்னால எழுத முடியாது சார்."

பக்தவத்சலம் குனிந்து தன் பட்டனைப் பார்த்தார். சலவையில் நனைந்து நனைந்து இறுகிப்போன முடிச்சு. பிளாஸ்டர் தேய்க்கும் அதே கட்டைவிரல் நகத்தை அதில் கொடுத்து, நெருடி நெருடி அவிழ்க்க ஆரம்பித்தார்.